குடோனுக்குப் பார்கோடு போடுவது எப்படி: ஸ்கேனர் வாங்கும் முன் தொடங்க வேண்டிய வேலை

நெல்லை டவுணிலும் பேட்டையிலும் மொத்த வியாபாரம் நடக்கிற பல குடோன்களில், எந்தச் சரக்கு எங்கே கிடக்கிறது என்ற கணக்கு இன்னும் ஒரே ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டால் அன்றைக்கு லாரி வாசலிலேயே நிற்கும். இதற்காகப் பார்கோடு போடலாம் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் ஓடிப்போய் ஸ்கேனர் வாங்குகிறார்கள். ஸ்கேனர் கடைசியில் வாங்க வேண்டிய பொருள்.

பார்கோடுக்குள் பொருளின் பெயரோ விலையோ கிடையாது. நம் கடைப் பாக்கெட்டுகளில் இருப்பது வெறும் 13 இலக்க எண். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹியோவில் ஒரு கடையில் ரிக்லி சூயிங்கம் பாக்கெட்டை முதன்முதலாக ஸ்கேன் செய்தபோதும் கோடு கொடுத்தது எண்ணை மட்டும்தான், விலை கணினியில் இருந்தது. ஆகவே உங்கள் பொருள் பட்டியல் குழப்பமாக இருந்தால் பார்கோடு அந்தக் குழப்பத்தை இன்னும் வேகமாகப் பரப்பும், அவ்வளவுதான்.

முதல் வேலை, எக்செல்லோ டேலியோ எதிலாவது பட்டியலைச் சுத்தம் செய்வது. கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்று ஒரே வரி போதாது. 100 கிராம் ஒரு பொருள், 200 கிராம் வேறு பொருள், ஒவ்வொன்றுக்கும் தனி எண். அதைவிட முக்கியம் பெட்டிக்கணக்கு. ஒரு அட்டைப்பெட்டியில் 24 பாக்கெட் என்றால் பெட்டிக்கு ஒரு எண்ணும் பாக்கெட்டுக்கு வேறு எண்ணும் வேண்டும், ‘இந்தப் பெட்டி எண் வந்தால் 24 பாக்கெட் வரவு’ என்று மென்பொருளில் சொல்லி வைத்திருக்கவும் வேண்டும். இதைச் செய்யாத இடங்களில் லோடு இறக்கும்போது பையன் பெட்டியைப் பிரித்து ஒரு பாக்கெட்டை ஸ்கேன் செய்வான், கணக்கில் 1 ஏறும், மீதி 23 காற்றில் போகும், மாதக் கடைசியில் யாரோ ஒருவர்மேல் பழி விழும். பெட்டிகளுக்கு ஐடிஎஃப்-14 என்று 14 இலக்க வகை ஒன்று இருக்கிறது. தடித்த கோடுகள் என்பதால் பழுப்பு அட்டையிலேயே அச்சடித்தாலும் படிக்கும்.

எண்ணை எங்கே வாங்குவது? சூப்பர் மார்க்கெட்டுக்கோ ஆன்லைனுக்கோ சரக்கு போகிறது என்றால் பார்கோடு எண் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவு செய்து வாங்குங்கள், 890 என்று தொடங்கும். (890 இருந்தால் இந்தியாவில் தயாரித்தது என்று பொருள் இல்லை, இந்தியாவில் பதிவான எண் என்று மட்டுமே பொருள்.) இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எண்ணை வாங்கினால் அது வேறொருவர் பொருளுக்கும் ஒட்டியிருக்கலாம். குடோனுக்குள் மட்டும் சுற்றுகிற சரக்குக்கு எதுவும் வாங்க வேண்டாம், கோடு 128 (Code 128) என்ற பார்கோடு வகையில் நீங்களே எண் போட்டுக்கொள்ளலாம்.

13 இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் 12 இலக்கம் 890123456789 என்று எடுத்துக்கொண்டால் ஒற்றைப்படை இடங்களின் கூட்டல் 28, இரட்டைப்படை இடங்களின் கூட்டல் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102, இரண்டும் சேர்ந்து 130. பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு வேண்டுமோ அதுதான் கடைசி இலக்கம்; 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு, அதனால் அது 0. கையால் தட்டும்போது ஓர் இலக்கம் தவறினாலும் இது பிடித்துவிடும்.

அடுத்தது இடத்துக்கு முகவரி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 02-03-1 என்றால் இரண்டாவது வரிசை, மூன்றாவது ரேக், முதல் தட்டு. அம்பாசமுத்திரம் ஆலையிலிருந்து வரும் அரிசி மூட்டைகளைத் தரையில் அட்டி போடுகிறீர்கள் என்றால் தரையில் பெயின்ட்டால் கட்டம் கீறி அதற்கும் எண் கொடுங்கள். சரக்கை வைக்கும்போது முதலில் இடத்தின் கோடு, அப்புறம் பொருளின் கோடு என்று இரண்டையும் ஸ்கேன் செய்ய வேண்டும். கோடு 128-இல் தமிழ் எழுத்து ஏறாது, எனவே எண் மட்டும் கோட்டில் இருக்கட்டும், பொருளின் பெயரைத் தமிழில் பெரிதாக மேலே அச்சடியுங்கள். லோடுமேன் அண்ணன்மார் ஸ்கேனர் இல்லாமலும் படிக்கிற லேபிள்தான் நல்ல லேபிள்.

லேபிளில் இரண்டு வகை. மை ரிப்பன் இல்லாமல் சூட்டில் கறுக்கும் தாள் ஒன்று, ஏடிஎம் சீட்டு மங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே தாள். சித்திரை வைகாசி வெயிலில் தகர ஷெட்டுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் சரக்குக்கு அது சரிப்படாது, இன்று வந்து நாளை போகும் சரக்குக்குப் போதும். ரேக்குக்கும் நீண்ட நாள் சரக்குக்கும் ரிப்பன் போட்ட அச்சுதான். கோட்டின் இரண்டு பக்கமும் வெற்றிடம் விடுங்கள், அழகுக்காகக் கட்டம் போட்டு நெருக்கினால் ஸ்கேனர் திணறும். சிவப்பு மையில் கோடு அச்சடிக்கவே கூடாது, ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்தில் அது வெள்ளையாகத்தான் தெரியும். சின்னப் பாட்டிலுக்குக் கோடுகள் ஏணிப்படி போலக் கிடைமட்டமாக வரும்படி ஒட்டினால் வளைவில் மறையாது. பாலி சாக்கில் பசை லேபிள் நிற்காது, மேலே தவிடு வேறு. மூட்டை வாயைத் தைக்கும்போதே அட்டை டேக்கையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

காலாவதித் தேதி உள்ள பொருளுக்கு வெறும் எண் போதாது. ஜிஎஸ்1-128 வகையில் 01 என்ற முன்னெண்ணுக்குப் பின் பொருள் எண், 17-க்குப் பின் காலாவதித் தேதி, 10-க்குப் பின் பேட்ச் எண் என்று ஒரே கோட்டில் ஏற்றலாம். முதலில் காலாவதியாகும் பெட்டி முதலில் வெளியே போகும்படி மென்பொருளே கைகாட்டும்.

இப்போது ஸ்கேனர். கணினிக்கு அது இன்னொரு கீபோர்டு மாதிரிதான், நோட்பேடைத் திறந்து ஸ்கேன் செய்தால் எண் விழும், கடையிலேயே சோதித்துவிடலாம். உங்கள் லேபிளையே கையில் கொண்டுபோய்ச் சோதியுங்கள். க்யூஆரும் படிக்கிற 2டி வகை வாங்குங்கள். உள்ளே நடந்து வேலை செய்ய வயரில்லாதது வேண்டும். தினம் சில பெட்டிகள் மட்டும் என்றால் போன் கேமராவே போதும்.

கணக்கை குடோன் கணினியில் மட்டும் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷன் வரை புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். தினமும் ராத்திரி வெளியே ஒரு நகல் போகட்டும், ரேக் லேபிளும் அடித்தட்டில் இல்லாமல் கண் மட்டத்தில் இருக்கட்டும்.

வருடத்துக்கு ஒருமுறை கடையை மூடி ஸ்டாக் எடுப்பதற்குப் பதிலாக, தினமும் காலையில் லாரி வரும் முன் ஒரு வரிசையை மட்டும் ஸ்கேன் செய்து கணக்கோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் முதலில் பெட்டியா பாக்கெட்டா என்று பாருங்கள், அப்புறம் பக்கத்து ரேக்கைப் பாருங்கள், அதற்கும் பிறகுதான் ஆளைக் கேட்க வேண்டும்.