பராமரிப்பு முடிந்ததும் பொய் சொல்லும் கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1996 அக்டோபர் 2 நள்ளிரவு தாண்டி, பெருவின் லிமாவிலிருந்து ஏரோபெரு 603 என்ற பயணிகள் விமானம் கிளம்பியது. அந்த போயிங் 757-ஐக் கழுவியபோது, உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொடுக்கும் ஸ்டாட்டிக் துளைகளில் ஒட்டிய டேப்பை உரிக்க மறந்திருந்தார்கள். டேப்பின் வெள்ளி நிறம் விமான உடலின் நிறத்தோடு கலந்துவிட்டது. கடலில் இறக்கை உரசியபோதும் உயரமானி சுமார் 9,700 அடி காட்டியது. கட்டுப்பாட்டு அறையிடம் உயரம் கேட்டார்கள். விமானத்தின் உயரத்தைத் தரைக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டரும் அதே துளைகளின் காற்றை நம்பியதால் அங்கிருந்தும் அதே பொய்தான் வந்தது. எழுபது பேரும் இறந்தார்கள்.

துளையை மூட வேண்டுமென்றால் கண்ணைப் பறிக்கும் நிறத்தில், சிவப்பு நாடா தொங்கும் உறையைப் போடுங்கள். மூடியவுடன் வேலைப் பதிவில் எழுதுங்கள்: எத்தனை, எந்தப் பக்கம். எடுத்தபின் எண்ணிக் கையெழுத்திடுங்கள். துளைக்குள் மெருகு மெழுகு படிந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், விளிம்பு சிதைந்தாலே அளவு மாறும்.

துளையிலிருந்து கருவிக்குப் போகும் குழாய் அடைத்திருக்கிறதென்று கம்ப்ரசர் காற்றை ஊதுவது அடுத்த பெரிய தவறு. உயரமானியின் காப்ஸ்யூல் மெல்லிய தகடு. ஒரே ஊதலில் போய்விடும். முதலில் கருவிப் பலகையின் பின்னால் எல்லாக் குழாய்களையும் கழற்றுங்கள், பிறகு கருவிப் பக்கத்திலிருந்து வெளியே நோக்கி ஊதுங்கள்.

திரும்ப மாட்டும்போது பிட்டோ குழாயும் (முன்னிருந்து மோதும் காற்றை வாங்குவது) ஸ்டாட்டிக் குழாயும் இடம் மாறினால் வேகமானி முள் பூஜ்யத்துக்குக் கீழே போகப் பார்க்கும். கழற்றுவதற்கு முன்பே இரு முனைகளிலும் சீட்டு கட்டுங்கள். டெஃப்லான் டேப்பை முதல் இரண்டு மரையை விட்டுச் சுற்றுங்கள். நுனியில் சுற்றிய துண்டு பிய்ந்து உள்ளே போனால் அடைப்பைத் தேடி அலைய வேண்டும்.

கசிவுச் சோதனையில்தான் புதிய கருவிகள் அதிகம் சாகின்றன. அழுத்தக் கேபின் இல்லாத சிறு விமானத்தில் ஸ்டாட்டிக் பக்கம் 1 அங்குலப் பாதரச அளவு, அதாவது உயரமானி இருக்கும் இடத்தைவிட சுமார் 1,000 அடி கூடுதலாகக் காட்டும்வரை காற்றை உறிஞ்சி மூடினால், அது ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக்கூடாது. பிட்டோவைத் திறந்து வைத்து உறிஞ்சினால் இந்த 1,000 அடிக்கே வேகமானி 150 நாட்டை (மணிக்குக் கடல் மைல்) நெருங்கும். 10,000 அடிக்கு இழுத்தால் 400 நாட்டையும் தாண்டும், சிறு விமானத்தின் வேகமானி அதைத் தாங்காது. அதனால் இரண்டையும் டி இணைப்பில் (T வடிவக் குழாய்) சேர்த்தே உறிஞ்சுங்கள். அழுத்தத்தை விடும்போதும் மெதுவாக; ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் ஏற்றமானியின் முள் கடைசிக் கோட்டில் முட்டினால் வால்வைக் குறையுங்கள். சோதனை முடிந்ததும் மாற்று ஸ்டாட்டிக் வால்வையும் (துளை அடைத்தால் வேறு இடத்துக் காற்றைத் தருவது) குழாயின் நீர் வடிகாலையும் மூடினீர்களா என்று பாருங்கள்.

திசைகாட்டியையும் மறக்கக்கூடாது. பலகையில் புது ரேடியோ வைத்தாலோ, பித்தளைத் திருகுக்குப் பதில் எஃகுத் திருகு போட்டாலோ அது விலகும். ரேடியோக்களை இயக்கி, எஞ்சின் ஓடும்போதே 30 பாகைக்கு ஒருமுறை விமானத்தைத் திருப்பிப் பிழை பாருங்கள். திசைகாட்டியின் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு திருகுகளைக் காந்தமில்லாத திருப்புளியால் திருத்துங்கள். எந்தத் திசையிலும் பிழை 10 பாகையைத் தாண்டக்கூடாது. திருகு எஃகா என்ற சந்தேகத்தை மேசையிலேயே காந்தம் வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள், அந்தக் காந்தம் காக்பிட்டுக்குள் வரவே கூடாது.