தைல மரம் நடப் போகிறீர்களா? தண்ணீரிலும் மண்ணிலும் இந்தத் தவறுகள் வேண்டாம்

மானாவாரி நிலத்தில் கடலையும் சோளமும் கைகொடுக்காமல் போனால், அடுத்து வருகிற யோசனை தைல மரம் அல்லது சவுக்கு. தைல மரம் என்பது யூகலிப்டஸ்தான், புதுக்கோட்டைப் பக்கம் ஆர்.எஸ்.பதி மரம் என்பார்கள். அதை நடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கு ஆள் கிடைக்காத ஊரில் வேறு என்ன செய்வது? ஆனால் நடும்போது நாம் செய்யும் தவறுகள் நம் வரப்போடு நிற்பதில்லை. பக்கத்துக் கிணற்றையும் கீழே இருக்கும் கண்மாயையும் தொடுகின்றன.

முதல் தவறு, "ஒரு மரம் நாளுக்கு இத்தனை லிட்டர் குடிக்கும்" என்ற பேச்சை வைத்து முடிவெடுப்பது. மரத்தின் வயது, மண்ணின் ஆழம், ஏக்கருக்கு எத்தனை மரம் என்று சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தைலத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் சொல்கிற "ஒரு கிலோ மரத்துக்குத் தைலம் செலவழிக்கும் தண்ணீர் குறைவு" என்பதும் பாதி உண்மைதான். கிணற்றுக்குக் கிலோ கணக்கு தெரியாது. ஏக்கருக்கு மொத்தம் எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி. கோடையில் நம் காட்டு மரங்கள் இலை உதிர்த்துவிட்டு நிற்கும்போதும் தைலம் பச்சையாகவே நிற்கும், தண்ணீர் கிடைக்கிற வரை இழுக்கும்.

கர்நாடகத்தில் 1990-களில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. மண் ஆழம் குறைந்த இடங்களில் இளம் தைலத் தோப்பு எடுத்த தண்ணீர், அங்கிருந்த இயல்பான இலையுதிர் காட்டை விட அதிகமில்லை. ஆழமான மண் உள்ள ஹொஸகோட்டையிலோ, பெய்த மழையை விட அதிகமாகவே மரங்கள் செலவழித்தன. அது எப்படி முடியும்? வேர் ஆண்டுக்கு இரண்டரை மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கி, பழைய மழை மண்ணில் சேர்த்து வைத்திருந்த ஈரத்தை எடுத்தது. ஆழமான மண் கிடைத்தால் மரத்துக்கு நல்லது என்று சந்தோஷப்படுகிறோம். நிலத்தடி நீருக்கு அங்கேதான் ஆபத்து.

அடுத்தது மறுதாம்பு. வெட்டிய கட்டையிலிருந்து செலவில்லாமல் துளிர்க்கிறதே, லாபம்தானே என்று நினைப்போம். நீலகிரியில், அங்கே தைலத்தைக் கற்பூர மரம் என்பார்கள், ஒரு நீர்ப்பிடிப்பில் (ஓர் ஓடைக்கு மழைநீர் வந்து சேரும் பரப்பில்) சுமார் அறுபது சதவீத இடத்தில் நட்டு, நடாத பக்கத்து நீர்ப்பிடிப்போடு ஒப்பிட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைக்கு வரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. மறுதாம்பில் அது 25 சதவீதத்தைத் தொட்டது. நாற்று வேர் பிடிக்க நாளாகும். கட்டைக்கோ வேர் ஏற்கெனவே கீழே தயாராக இருக்கிறது.

சரி, வெட்டிவிட்டால் தண்ணீர் திரும்பிவிடுமே என்பவர்களுக்கு மொகோபுலான் கதையைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அந்தப் புல்வெளி நீர்ப்பிடிப்பில் 1969-ல் தைலம் நட்டார்கள். மூன்றாம் ஆண்டில் ஓடை மெலிந்தது, ஒன்பதாம் ஆண்டில் முழுக்க வற்றியது. பதினாறு வயதில் மரங்களை மொத்தமாக வெட்டிய பிறகும், ஆண்டு முழுதும் ஓடும் நீர் திரும்ப இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயின. காய்ந்த அடிமண் நிரம்பின பிறகுதானே ஓடைக்குக் கசியும்! அந்த நாடு 1972-லேயே வணிகத் தோப்புக்கு அனுமதி முறை கொண்டுவந்தது. 1998-ன் நீர்ச் சட்டம் அப்படித் தோப்பு வளர்ப்பதை ஓடை நீரைக் குறைக்கும் செயல் என்றே வகைப்படுத்தியது.

எனக்கு அதிகம் வலிக்கிற தவறு, புல்வெளியையும் மேட்டுப் புறம்போக்கையும் "சும்மா கிடக்கிற இடம்" என்று நினைப்பது. கண்மாய்க்கு வரத்து அங்கிருந்துதான் வருகிறது. தோப்புக்குள் ஈரம் நிற்கட்டும் என்று குறுக்கே வரப்பும் குழியும் வெட்டினால், மழைநீர் வரத்து வாய்க்காலுக்கே வராது. புதுக்கோட்டை விவசாயிகள் இதைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நட்டே ஆக வேண்டும் என்றால் ஓடைக்கரையையும் பள்ளத்தையும் விட்டுவிடுங்கள், வாய்க்காலை மறிக்காதீர்கள்.

மண்ணுக்கு வருவோம். தைல இலையின் மெழுகும் எண்ணெயும் படிந்த காய்ந்த மேல்மண், முதல் மழையை உடனே உறிஞ்சாமல் வழியவிடக்கூடும். அதற்காகச் சருகைக் கூட்டி எரிப்பது இன்னொரு தவறு. மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்து அதில்தான் இருக்கிறது. சவுக்குச் சருகை அடுப்புக்கு வாரிக்கொண்டு போவதும் அப்படியே. சவுக்கு வேர் முடிச்சு வழியாகக் காற்றின் தழைச்சத்தைச் சேர்க்கும். மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் அது உண்டாக்காது. தைல மரப் பட்டையில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. வெட்டும்போது பட்டையை நிலத்திலேயே உரித்துப் பரப்பச் சொல்லுங்கள். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை இலை, பட்டை, மிளாறு எல்லாவற்றையும் வண்டி ஏற்றினால் மண்ணில் என்ன மிஞ்சும்?

அப்புறம் ஒன்று. நடுவதற்கு முந்தின கோடையிலேயே கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். பக்கத்து வயல்காரரையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மறுதாம்பு விடலாமா, கட்டையைத் தோண்டிவிடலாமா என்று யோசிக்கும் நாளில் இரண்டு பேரும் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம்.