ரப்பர் பணத்தை வீட்டுப் பணத்திலிருந்து பிரித்தோம்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தை அண்ணனும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். விடியும் முன்பே மரப்பட்டையைச் சீவி வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அது அண்ணன் வேலை. பாலை உறைய வைத்து, ரோலரில் அழுத்தி, ஷீட்டாக உலர்த்துவது மதினியும் என் மனைவியும். விற்று வருவது நான். பணம் ஒரு கையில், பாடு நான்கு பேருக்கு. வீட்டில் மனக்கசப்பு அங்கேதான் முளைத்தது.

தோட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கினோம். நால்வருக்கும் மாதச் சம்பளம் முதலில், உரம், பாலை உறைய வைக்கும் ஆசிட், மரத்துக்கு மழைக்காப்பு கட்டும் செலவு அடுத்து, மிச்சம்தான் பங்கு. பெண்களின் சம்பளம் அவரவர் கணக்குக்கே போக வேண்டும் என்பதில் நான் உறுதியாக நின்றேன். இத்தனை காலம் அவர்கள் உழைப்புக்கு எந்தக் கணக்கிலும் பெயரே இல்லையே! வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை விற்ற காசு சிறியது, ஆனால் சண்டை அதில்தான் வரும். அதையும் நோட்டில் எழுதுகிறோம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழையால் வெட்டு நிற்கும் நாட்களிலும் சம்பளம் நிற்காதபடி, நல்ல விலை கிடைக்கும் மாதங்களில் ஒரு பகுதியை ஒதுக்குகிறோம்.

மறுநடவு செய்த இடத்தில் ரப்பர் வெட்டுக்கு வர ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும். கன்றுகள் நிழல் கட்டும்வரை இடையில் மட்டி வாழை போட்டிருக்கிறோம். அதன் வரவு செலவு, விற்பனை எல்லாமே மதினியின் பொறுப்பு; நாங்கள் தலையிடுவதில்லை. கணக்குப் பேச்சு ஞாயிறு மாலை ஷீட் அடிக்கும் கொட்டகையில் மட்டும். சாப்பிடும் இடத்தில் ரப்பர் விலையை யாரும் எடுப்பதில்லை.