விளிம்பைப் பார்த்துப் பலகை வாங்குங்கள்

முதன்முதலில் பிளைவுட் வாங்கப் போனபோது, அடுக்கின் மேலே இருந்த பலகையின் நிறமும் வரிகளும் பிடித்துப்போய் அதையே எடுத்து வந்தேன். அறுத்த பிறகுதான் உள்ளே இருந்த பொந்து தெரிந்தது. ஒரு தீக்குச்சியை முழுதாக உள்ளே தள்ள முடிந்தது. கீல் மாட்ட முடுக்கிய ஸ்க்ரூ நேராக அந்தப் பொந்தில் இறங்கி, பிடிமானம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று முதல் பலகையின் முகத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

கடைக்குக் கிளம்பும் முன் காகிதத்தில் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலான பலகைகள் எட்டுக்கு நான்கு அடி, அதாவது 2440-க்கு 1220 மி.மீ. ஒருமுறை 1220-ஐ நான்கால் வகுத்து, 305 மி.மீ. அகலத்தில் நான்கு தட்டுகள் கிடைக்கும் என்று மனக்கணக்குப் போட்டேன். வகுத்தல் சரிதான், ரம்பத்தைத்தான் மறந்துவிட்டேன். ஒவ்வோர் அறுப்பும் சுமார் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கிவிடும். மூன்று அறுப்புக்கு 9 மி.மீ. போக, நான்காவது தட்டு 296-இல் வந்து நின்றது. அந்த அலமாரியின் கீழ்த்தட்டு இன்றைக்கும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உள்வாங்கியே இருக்கிறது. அதனால் அறுப்புகளையும், அடிபட்ட ஓரங்களைச் சீவ வேண்டிய சில மில்லிமீட்டர்களையும் சேர்த்தே படம் போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மர வரி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறியும் போடுங்கள். பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தில் செய்த பிளைவுட் வாங்குவதானால் அளவை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அது ஐந்தடிச் சதுரமாகவும் வரும்.

அடுத்தது, எந்தப் பலகை என்ற கேள்வி. பெயிண்ட் அடிக்கப்போகும் கதவுக்கும் விளிம்பில் வளைவு செதுக்கும் வேலைக்கும், மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். போல வேறொன்று இல்லை. அதில் வரியும் கிடையாது, பொந்தும் கிடையாது. ஆனால் 18 மி.மீ. முழுப் பலகை ஏறத்தாழ 40 கிலோ இருக்கும், தனியாளாகத் தூக்க வேண்டாம். தண்ணீர் பட்டால் விளிம்பு உப்பும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. அறுக்கும்போது மாவு போலத் தூசி பறக்கும், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். மரச் சில்லுகளை ஒட்டி அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டு எனக்குப் பிடிக்காது என்பதை ஒளிக்கவில்லை. ஒருமுறை ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால் அதன் பிடி தளர்ந்துவிடும். நகர்த்தாமல் ஒரே இடத்தில் நிற்கப்போகும் பெட்டிக்குச் சரி.

புத்தகத் தட்டுதான் பலகைக்கு வைக்கும் உண்மையான பரீட்சை. தட்டு முழுக்கப் புத்தகம் அடுக்கினால், தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம் இரண்டு மடங்கானால் தொய்வு 16 மடங்காகும். 90 செ.மீ. தூரத்தை 60 ஆகக் குறைத்தாலே தொய்வு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். தடிமனான பலகைக்குச் செலவழிக்கும் முன் நடுவில் ஒரு தாங்கி வைக்க முடியுமா என்று பாருங்கள். நீளமான தட்டுக்கு நான் எடுப்பது பிளாக் போர்டு. அதன் நடுவில் மரச் சட்டங்கள் பக்கம் பக்கமாக ஒட்டப்பட்டிருக்கும், அவை பெரும்பாலும் பலகையின் நீளவாக்கில் ஓடும். பலகை வீணாகக் கூடாது என்ற சிக்கனத்தில் ஒருமுறை தட்டுகளைக் குறுக்குவாக்கில் அறுத்தேன். இரண்டே மாதத்தில் அவை தூளி போலத் தொங்கின. சட்டங்கள் தட்டின் நீளத்தோடு ஓடினால்தான் அவற்றால் பயன்.

இனி பிளைவுட்டைச் சோதிப்பது. முதலில் நான்கு விளிம்புகளையும் சுற்றி வந்து பாருங்கள். அடுக்குகள் ஒரே சீரான தடிமனில், ஒன்றுக்கொன்று குறுக்காக ஓட வேண்டும். ஓரிடத்தில் கோடு சட்டென்று தடித்தால் அங்கே ஓர் அடுக்கின் மேல் இன்னொன்று ஏறியிருக்கிறது, கறுப்பாகத் தெரிந்தால் இடைவெளி. விளிம்பில் சாயமோ, ஓட்டை அடைக்கும் மக்கோ பூசியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடுக்குகளை எண்ணுங்கள். ஒரே தடிமனில் அடுக்கு கூடினால் பலகை பொதுவாக நிலையாக இருக்கும். நல்ல பிர்ச்சில் 18 மி.மீ.க்கு 13 அடுக்குகள் இருக்கும். பிறகு ஒரு நாணயத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தட்டிக்கொண்டே போங்கள். தேங்காய் தட்டிப் பார்க்கிற அதே காதுதான் இதற்கும் வேண்டும். ஓசை திடீரென்று மாறுகிற இடத்தில் உள்ளே ஒன்றும் இல்லை.

பலகையின் ஒரு முனையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒற்றைக் கண்ணால் நீளத்தைப் பாருங்கள். வில் போல ஒரே பக்கம் வளைந்திருந்தால் அலமாரியில் அடித்து இழுத்துவிடலாம். எதிரெதிர் மூலைகள் முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம், கதவுக்கு நிச்சயம் வேண்டாம். மூலைமட்டம் சரியா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்தால் போதும். இரண்டும் சமமாக, 2728 மி.மீ.யை ஒட்டி வர வேண்டும்.

தடிமனை வெர்னியர் அளவியில் அளந்துகொள்ளுங்கள். 18 என்று அச்சிட்ட பலகை 17.3 ஆகவும் இருக்கும். பலகை கைக்கு வருவதற்கு முன்பே 18-க்குக் காடி, அதாவது தட்டைச் செருகும் பள்ளம், எடுத்து வைத்தால் தட்டு அதில் லொடலொடவென்று ஆடும்.

ஈரம் படும் இடத்துக்கு வாங்குவதானால் ஈரம் தாங்கும் என்ற முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் சில மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். ஈரம் தாங்காத பசை என்றால் அடுக்குகள் புத்தகத் தாள் போலப் பிரிந்துவிடும். ஈரம் தாங்கும் ஃபீனால் பசை போட்ட பலகையில் அடுக்குகளுக்கு நடுவே அடர் பழுப்புக் கோடு தெரியும். ஆனால் சாயம் கலந்தும் அந்த நிறத்தைக் கொண்டுவரலாம் என்பதால், நான் கண்ணைவிடக் கொதிநீரைத்தான் நம்புகிறேன். மூடிய படுக்கையறை அலமாரிக்கு இ-1 அல்லது இ-0 என்ற குறியீட்டையும் பாருங்கள். எண் குறைந்தால் பலகையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவும் குறைவு.

முகத்தின் முறை இப்போதுதான். மேலே ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மரத் தகடு பல பலகைகளில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆழமான கீறலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று நினைத்தால், கீறலுக்கு முன்னால் வெனீர் போய்விடும். மேலே சன்மைக்கா போன்ற லேமினேட் தாள் ஒட்டப் போகிறீர்கள் என்றால் அந்தக் கீறலை மறந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், ஒரு வாரத்தில் தொய்ந்துவிடும். ஒரே உயரமுள்ள மூன்று நான்கு கட்டைகளைத் தரையில் பரப்பி அதன்மேல் படுக்கவையுங்கள். அறுப்புப் படத்தையும் அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள்.