மெழுகு வழிந்த மாதிரி இருந்தால் மட்டும் போதாது: கம்பள அசிடியனை அடையாளம் காண்பதில் நேரும் தவறுகள்

படகுத்துறையில் மிதவை மேடைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஏதாவது தட்டுப்படும். அதில் அசிடியனும் இருக்கும், தொட்டால் தண்ணீரைப் பீச்சுமே, அந்த உயிரினம். அந்தக் கூட்டத்தில் கம்பள அசிடியன் என்கிற வந்தேறியான டைடெம்னம் வெக்ஸில்லத்தைப் பிரித்தெடுப்பதில்தான் சிக்கல். ஜப்பான் பக்கம் இதன் பூர்வீகம் என்று கருதுகிறார்கள், அங்கிருந்து நியூசிலாந்து, வட அமெரிக்கா, ஐரோப்பா என்று பரவிவிட்டது.

நிறத்தை நம்புவதுதான் முதல் தவறு. வெளிர் மஞ்சள், கிரீம், லேசான ஆரஞ்சு என்றெல்லாம் இது இருக்கும், சரி, பல கடற்பஞ்சுகளும் அப்படித்தானே இருக்கின்றன! வடிவமும் ஏமாற்றும். அலையடிக்காத இடத்தில் கயிற்றிலிருந்து உருகிய மெழுகு போலத் தொங்கும், கல்லின் மேல் வளர்ந்தால் தட்டையாகக் கம்பளம் விரித்த மாதிரி கிடக்கும். மெழுகுத் தாரையை மட்டும் தேடிவிட்டு 'இங்கே இல்லை' என்று எழுதிவைப்பவர்கள் நிறையப் பேர்.

பார்க்க வேண்டியது துளைகளை. இது ஒரே உயிர் இல்லை, குட்டிக் குட்டி உயிர்கள் ஒட்டி வாழும் கூட்டம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க ஊசி குத்தியது போல நுண்துளைகள் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு தனி உயிரின் வாய். இடையிடையே கொஞ்சம் பெரிய துளைகள், எல்லாருக்கும் பொதுவான கழிவுநீர் வாசல். தொட்டால் துளைகள் சுருங்கும். இதைக் கரையில் எடுத்துப்போட்டுப் பார்க்காதீர்கள், வெறும் சளிக்கட்டி மாதிரி ஆகிவிடும். நீருக்குள்ளேயே படமெடுங்கள், முடியாவிட்டால் கடல்நீர் நிறைந்த தட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுங்கள். விரலுக்குக் கெட்டியாக, தோல் மாதிரி இருக்கும். ஜெல்லி போலக் கிழிந்தால் அது டிப்ளோசோமா என்ற வேறு அசிடியனாக இருக்கலாம், உயிர்கள் நட்சத்திரக் கோலமாக அடுக்கியிருந்தால் பாட்ரில்லஸ் என்ற இன்னொரு அசிடியன்.

குளிர்ப் பகுதிகளில் பனிக்காலத்தில் தேடிப் பயனில்லை, அப்போது கூட்டமே சுருங்கிப்போகும். கோடையின் கடைசியிலிருந்து இலையுதிர்காலம் வரை போங்கள்.

எல்லாவற்றையும் விட மோசமானது, பார்த்ததும் சுரண்டிக் கடலில் தள்ளுவது. உதிர்ந்த துண்டுகள் வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டு மறுபடி வளரும். இதன் குஞ்சுகளுக்கு நீந்தும் காலம் ரொம்பக் குறைவு, தொலைதூரம் போவதெல்லாம் படகின் அடிப்பாகத்திலும் கயிற்றிலும் சிப்பிப் பண்ணைச் சாமான்களிலும் ஒட்டிக்கொண்டுதான். வேல்ஸின் ஹோலிஹெட் படகுத்துறையில் 2008இல் இதைக் கண்டறிந்து, மிதவை மேடைகளையே பிளாஸ்டிக் உறையால் மூடி மூச்சுமுட்ட வைத்துப் பார்த்தார்கள், ஆனாலும் 2010இல் திரும்ப முளைத்திருந்தது. அவ்வளவு பாடுபட்டும் போகாததை நாம் கத்தியால் சுரண்டி ஒழித்துவிடப் போகிறோமா?

அப்புறம், படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். டைடெம்னத்தில் இதே சாயலில் வேறு இனங்களும் உண்டு, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு நுண்முட்களையும் உயிர்களின் உடலமைப்பையும் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நிபுணர் முடிவு சொல்வார். இடம், தேதி, ஆழம், எதன் மேல் வளர்ந்தது என்று குறித்து, படத்தோடு முதலில் உங்கள் பகுதி கடல் உயிரின அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். மாதிரி வேண்டுமென்றால் எப்படி எடுப்பது என்று அவர்களே சொல்வார்கள்.