வியன்னாவில் குடும்பத்தோடு பத்து நாள்: முதல் முறை போகிறவர்களுக்கு

‘பத்து நாளில் ஏழு நாடு’ விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளையும் வயதான அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு அப்படிப் போனால் பாதி நாள் பஸ்ஸில் கழியும், மீதி நாள் பெட்டி கட்டுவதில் கழியும். ஒரே ஊரில் வீடு எடுத்துத் தங்கி, நிதானமாகச் சுற்றுவதுதான் என் கட்சி. அதற்கு வியன்னா ரொம்பத் தோதான ஊர்.

படி 1: விசா

வியன்னா இருக்கும் ஆஸ்திரியா ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே ஊர் என்பதால் நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாத லீவுக்குப் போகிறவர்கள் ஜனவரியிலேயே அப்பாயின்ட்மென்ட் தேடத் தொடங்குங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்கும் சின்னவர்களுக்கு இல்லை. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிள்ளைகளின் படிவத்தில் அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். 12 வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை.

படி 2: வீடு

ஊரின் நடுவே இருக்கும் முதல் வட்டாரத்தில்தான் தங்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். வாடகை எகிறும். யு-பான் எனப்படும் மெட்ரோ நிலையம் நடக்கிற தூரத்தில் இருந்தால் எந்த வட்டாரமும் சரிதான். சமையலறை, வாஷிங் மெஷின் இரண்டும் இருக்கட்டும்.

லிஃப்ட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய வியன்னாக் கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேலே ‘ஹோக்பார்ட்டேர்’, ‘மெட்ஸனின்’ என்று தனிப்பெயரில் தளங்கள் வரும். அவற்றுக்கு அப்புறம்தான் ஒன்றாம் மாடி என்றே எண்ணத் தொடங்குவார்கள். முட்டி வலிக்கிற பாட்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

படி 3: விமான நிலையத்திலிருந்து

‘கேட்’ என்ற பச்சை ரயில் 16 நிமிடத்தில் வீன் மிட்டே நிலையத்தில் இறக்கிவிடும். அதே நிலையத்துக்கு எஸ்7 ரயில் 25 நிமிடம்போல எடுக்கும். டிக்கெட் பல மடங்கு மலிவு. பத்து நிமிடத்துக்காக ஒரு குடும்பமே அவ்வளவு கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

படி 4: பஸ், டிராம், மெட்ரோ

எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். ஏழு நாள் டிக்கெட் வாங்கினால் அது எந்த நாளில் முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எப்போதும் இலவசம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஞாயிறு, அரசு விடுமுறை, வியன்னாவின் பள்ளி விடுமுறை நாட்களில் இலவசம்.

மெட்ரோவில் நம் ஊர்போலத் தடுப்புக் கதவு கிடையாது. அதற்காக யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். காகித டிக்கெட்டை நுழைவிலுள்ள சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்தாமல் ஏறினால், கையில் டிக்கெட் இருந்தாலும் அபராதம் நூறு யூரோவைத் தாண்டும்.

படி 5: முதலில் காலண்டர், பிறகு இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சூப்பர் மார்க்கெட் உட்பட. பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் கடைகள்தான் விதிவிலக்கு: ஹவுப்ட்பான்ஹோஃப், பிராட்டர்ஸ்டெர்ன், வீன் மிட்டே. மே 1, இயேசு விண்ணேற்ற வியாழன் போன்ற விடுமுறைகளிலும் இதே கதைதான். பால், அரிசி, டயப்பர் எல்லாம் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அருங்காட்சியகங்களுக்கும் வார விடுமுறை உண்டு. இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பெரும்பாலும் செவ்வாய் மூடல்.

படி 6: ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம்

காலையில் பெரிய இடம் ஒன்று, மாலையில் பூங்கா. அதற்கு மேல் திணிக்காதீர்கள்.

மரியா தெரேசியா சதுக்கத்தில் ஒரே அச்சில் வார்த்தாற்போல இரண்டு அருங்காட்சியக மாளிகைகள் எதிரெதிரே நிற்கும். இரண்டிலும் 19 வயதுக்குள் இலவசம். 1889இல் திறந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அசைந்து உறுமும் அல்லோசாரஸ் டைனோசர், விண்கற்கள் நிறைந்த கூடம், 11 சென்டிமீட்டர் உயரமே உள்ள, கற்காலத்து ‘வில்லெண்டார்ஃப் வீனஸ்’ பெண் சிலை.

எதிரே கலை வரலாற்று அருங்காட்சியகம். ஓவியம் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளை நேராக ஓவியர் புரூகலின் அறைக்கு அழைத்துப் போங்கள். 1560இல் அவர் வரைந்த ‘குழந்தைகள் விளையாட்டு’ அங்கே இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள், ஆளாளுக்கு ஒரு விளையாட்டு. பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், வளையம் உருட்டுகிறார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறார்கள். இடது கீழ் மூலையில் இரண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறார்கள், அச்சு அசல் நம் அஞ்சாங்கல். எத்தனை விளையாட்டைக் கண்டுபிடிக்க முடிகிறது என்று போட்டி வையுங்கள், பாட்டிதான் ஜெயிப்பார்.

ஷோன்புருன் அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே வாங்குங்கள். 1,441 அறைகளில் சுமார் நாற்பதைத்தான் காட்டுவார்கள், அதுவே போதும். பின்னாளில் இசைமேதையான மொஸார்ட், ஆறு வயதில், 1762இல் மகாராணி மரியா தெரேசாவின் முன் வாசித்தது இங்கேதான். ராஜ உடை போட்டுப் பார்க்க ஒரு குழந்தைகள் அருங்காட்சியகமும் உள்ளே உண்டு. தோட்டம் இலவசம். பக்கத்தில் இருப்பது 1752இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, உலகில் இன்றும் இயங்குபவற்றில் மிகப் பழையது. அரண்மனையையும் அதையும் ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். மிருகக்காட்சிசாலைக்கு யு4 மெட்ரோவில் ஹீட்ஸிங் நிலையத்தில் இறங்குவது கிட்டே.

பிராட்டர் பூங்காவுக்குள் நுழையக் காசு இல்லை. ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும்தான். 1897இல் கட்டிய ராட்சத ராட்டினத்தில் முதலில் 30 பெட்டிகள் இருந்தன. இரண்டாம் உலகப்போரில் எரிந்தபின் 15ஐ மட்டும் திரும்ப மாட்டினார்கள். வெயில் அடித்தால் யு1 மெட்ரோ பிடித்து டோனாவ் (டான்யூப்) ஆற்றின் தீவுக்குப் போகலாம். வெள்ளத் தடுப்புக்காக வெட்டிய மண்ணில் எழுந்த 21 கிலோமீட்டர் நீளத் தீவு அது. குளிக்க, விளையாட எல்லாம் இலவசம்.

ஸ்டெஃபன் தேவாலயத்தருகே ஜரிகைக் கோட்டும் டோப்பாவுமாகக் கச்சேரி டிக்கெட் விற்பவர்கள் மறிப்பார்கள். சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

படி 7: சாப்பாடு

காலையும் இரவும் வீட்டுச் சமையல், மதியம் வெளியே. தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர்தான் குழாயில் வருகிறது. சைவர்கள் ‘ஃபிரிட்டாட்டன்’ சூப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேலே மிதப்பது தோசைக் கீற்றுபோல இருக்கும், கீழே இருப்பது மாட்டெலும்புச் சாறு. சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரியான ‘கேஸ்ஷ்பெட்ஸ்லே’, பிய்த்துப் போட்ட இனிப்பு பான்கேக்கான ‘கைஸர்ஷ்மாரன்’ இரண்டும் இறைச்சி இல்லாதவை, ஆனால் முட்டை உண்டு.

படி 8: ஊர் திரும்புமுன்

விமான நிலையம் நகர டிக்கெட்டின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. கூடுதல் டிக்கெட் எடுக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கு மானர் வேஃபரும் மொஸார்ட் சாக்லேட் உருண்டையும் சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்குங்கள். திங்கட்கிழமை காலை விமானம் என்றால் சனிக்கிழமையே.