பட்டாளத்திலிருந்து வந்தவர் கையில் களிமண்ணைக் கொடுப்பது எப்படி

எங்கள் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வந்தவர். 1987-இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கையில் யாழ்ப்பாணம் போனார். திரும்பி வந்த பிறகு அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தீபாவளிக்கு முந்தின நாளே டிரங்குப் பெட்டி இருக்கிற உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசல் கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார், நான்கு மணிக்கு மறுபடியும் பார்ப்பார். அம்மா அதை மிலிட்டரிப் பழக்கம் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித் தருகிறவள், ஆனாலும் அப்பா கையில் மண்ணையும் கரியையும் கொடுத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே பல வருடங்கள் ஆயின. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இப்படி ஒரு அப்பாவோ அண்ணனோ வீட்டுக்காரரோ இருக்கிற வீடுகள் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், நாங்கள் தப்பாகச் செய்ததையும் சேர்த்து.

இவர்கள் பேசாமல் இருப்பதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடுகிறோம். கோரமான ஒன்றைப் பார்த்தவர் மனதில் அது முதலும் முடிவும் உள்ள கதையாகத் தங்குவதில்லை, ஒரு வாடை, ஒரு சத்தம், ஒரு வெளிச்சம் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது, அதை எடுத்துக் கோத்து வாயால் சொல்லு என்றால் எங்கிருந்து வரும்? எங்கள் அப்பாவுக்கு இன்னொரு பாரமும் இருந்தது. போன ஊரில் ஜனங்கள் அழுததும் கெஞ்சியதும் தமிழில். அதே தமிழில் வீட்டில் எங்களிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று இப்போது புரிகிறது. கைக்கு அந்தச் சங்கடம் கிடையாது.

கலையைச் சிகிச்சையாகப் பார்ப்பது போரோடு சேர்ந்தே வளர்ந்த விஷயம்தான். அதற்குப் பெயர் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்கிற ஆங்கிலேய ஓவியர், 1942-இல். முதல் உலகப் போரில் முன்னணியிலேயே இருந்து வரைந்தவர், பிற்பாடு காசநோய் வந்து சானடோரியத்தில் கிடந்தபோது படுக்கையில் வரைந்தே தேறி, கூட இருந்த நோயாளிகளுக்கும் போரில் காயம்பட்டு வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2016-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேருக்கு மண், காகிதம், மார்க்கர் கொடுத்து 45 நிமிடம் மனம்போல எதையாவது செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் என்கிற பதற்ற ஹார்மோனை அளந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. அவர்கள் சாதாரண ஜனங்கள், ராணுவத்தினர் அல்ல. ஆனால் முன்பே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் அந்த முடிவில் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய தெம்பு. அப்பா கடைசியாகப் படம் போட்டது ஆறாம் வகுப்பில்.

சரி, முதலில் இடம். சுவருக்கு முதுகு காட்டி உட்காருகிற மாதிரி, கதவோ கேட்டோ கண்ணுக்கு நேரே தெரிகிற மாதிரி ஓர் இடம் பார்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் பின்பக்கத் தாழ்வாரம். அவர் வேலையில் இருக்கும்போது பின்னால் போய்த் தோளைத் தொடக் கூடாது, தூரத்திலிருந்தே "அப்பா, டீ கொண்டு வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு முன்பக்கமாகப் போக வேண்டும். மண்ணெண்ணெய், டர்பன்டைன் வாடை வேண்டவே வேண்டாம், எரிபொருள் வாடை எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியாது, அதனால் எண்ணெய் வண்ணமே வாங்காதீர்கள், தண்ணீரில் கரைகிற போஸ்டர் கலர் போதும். நேரத்தை ஒரே நேரமாக வையுங்கள். பட்டாளத்துக்காரருக்கு மணி சொன்னால் பிடிக்கும், "தோணும்போது செய்ங்க" என்றால் நடக்காது. நாங்கள் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஆறேகாலுக்கு முடித்தோம், வாரம் மூன்று நாள்.

மண்ணுக்குக் கடலூர்க்காரர்கள் அலைய வேண்டாம். வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிற வீடுகளில் கேட்டால் கல், வேர் எடுத்துப் பதமாக்கிய மண் கிடைக்கும். புதுச்சேரிக்காரர்களுக்கு வில்லியனூர் இருக்கிறது, அந்த ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஐந்து கிலோ வாங்கினால் தாராளம். ஈரச் சாக்கில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, நிழலில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு முறை சாக்கின் மேல் தண்ணீர் தெளித்தால் வாரக்கணக்கில் கெடாது. விரலில் ஒட்டினால் தண்ணீர் அதிகம், உருட்டும்போது விரிசல் விட்டால் தண்ணீர் போதாது. பக்கத்தில் ஒரு பேசினில் தண்ணீர், உட்காரப் பலகை, கை துடைக்கப் பழைய லுங்கித் துணி. வேறெதுவும் தேவையில்லை.

முதல் வாரம் எதையும் செய்யச் சொல்லாதீர்கள். பிள்ளையார் செய்யுங்க, யானை செய்யுங்க என்று நாமே ஒன்றைச் சொன்னால் அது பரீட்சையாகிவிடும். பிசையட்டும், உருட்டட்டும். எங்கள் அப்பா முதல் நாள் எலுமிச்சம்பழ அளவில் பன்னிரண்டு உருண்டை பிடித்தார், நாலு நாலாக மூன்று வரிசையில் வைத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு வலது கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நசுக்கினார். கடைசி உருண்டையை மட்டும் நசுக்காமல் விரலை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பி ஒரு குழி பண்ணினார், ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மெல்லிசாக்கினார், அகல் மாதிரி ஒன்று வந்தது. அன்றைக்கு மூச்சு இரைக்காமல், தோள் இறங்கி, அவர் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நசுக்கினால் நசுக்கட்டும், ஈர மண்ணில் எதுவும் வீணாவதில்லை, தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் மறுபடி மண்தான். இதனாலேயே காகிதத்துக்கு முன்னால் மண் என்று சொல்கிறேன்.

மூன்று நான்கு வாரம் போன பிறகு கரியும் தாளும் கொடுங்கள். கடையில் விற்கிற சார்கோல் குச்சி இல்லாவிட்டால் கொட்டாங்குச்சிக் கரியே போதும், தாள் மட்டும் பெரிதாக இருக்கட்டும். "எனக்கு வரைய வராது" என்பார்கள், நம்பாதீர்கள். மேப் ரீடிங் படித்தவர்கள் இவர்கள், கண்ணால் பார்த்த நிலத்தை ஸ்கெட்ச் போடப் பழகியவர்கள், தாக்குதலுக்கு முன்னால் மேட்டையும் ஓடையையும் தரையில் சேண்ட் மாடலாக அமைத்துப் பார்த்தவர்கள், அதை வரைகிறது என்று அவர்கள் நினைப்பதில்லை, அவ்வளவுதான். அதனால் "நம்ம ஊரை ஒரு ஸ்கெட்ச் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஊரைக் கேளுங்கள், போஸ்டிங் போன இடத்தைக் கேட்காதீர்கள். அங்கே போவதாக இருந்தால் அவராகவே போவார், எப்போது என்று அவர்தான் முடிவு பண்ண வேண்டும்.

அப்பா கெடிலம் ஆற்றைப் போட்டார், பாலத்தைப் போட்டார், திருப்பாதிரிப்புலியூர்க் கோயில் கோபுரம், தேவனாம்பட்டினம் கடற்கரை, மூலையில் வடக்கு திசைக்கு அம்புக்குறி, கீழே அளவுகோல் வரை எல்லாம் சுத்தமாக வந்தது. பிறகு பனைமரம் போட ஆரம்பித்தார். ஒன்றுகூடத் தலையோடு இல்லை. வெறும் கம்பமாக, மேலே பிய்ந்த மாதிரி இரண்டு கோடு. ஒரு தாள் முழுக்க அதுவே, அடுத்த நாளும் அதுவே. எனக்குத் தொண்டை வரைக்கும் கேள்வி வந்தது, கேட்கவில்லை, கரி தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டேன். நாலு மாதம் கழித்து ஒரு நாள் கை கழுவிக்கொண்டே, "ஷெல் விழுந்தா பனைக்கு மொதல்ல தலைதான் போகும்" என்றார். சொல்லிவிட்டு டீ கேட்டார். முப்பது வருடத்துக்கும் மேலான மௌனத்துக்கு அப்புறம் வந்த முதல் வாக்கியம் அது. நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

ஆகவே பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரே வேலை, வாயை அடக்குவது. இது என்ன, இது யாரு, ஏன் இப்படிப் போட்டீங்க என்கிற மூன்றையும் கேட்கக் கூடாது. "ரொம்ப அழகா இருக்கு" என்பதும் வேண்டாம், பயத்தை வரைந்தவரிடம் அழகு என்று சொன்னால் நாம் பார்க்கவேயில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். "தாள் போதுமா, இன்னும் வேணுமா?" இது போதும். அவராகச் சொன்னால் கேளுங்கள், சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே தோண்டாதீர்கள்.

வண்ணம் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே நிறத்தை மாதக்கணக்கில் போட்டாலும் விட்டுவிடுங்கள்.

யூனிஃபார்ம் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். அமெரிக்காவில் காம்பேட் பேப்பர் என்ற முயற்சியில் முன்னாள் வீரர்கள் தாங்கள் போட்டிருந்த சீருடையையே துண்டு துண்டாக வெட்டி, கூழாக்கி, காகிதமாக வார்த்து, அதன் மேல் எழுதவும் படம் அச்சிடவும் செய்கிறார்கள். கேட்டதுமே எனக்கு உடம்பு சிலிர்த்தது, நம் புதுச்சேரியோ கையால் செய்த காகிதத்துக்குப் பேர் போன ஊர். ஆனால் வெட்டலாம் என்று அவர் வாயிலிருந்து வராமல் அந்தச் சட்டையைத் தொடவே கூடாது, பெட்டிக்குள் இருக்கிற அந்தச் சட்டைதான் சிலருக்குப் பிடிமானம். அவரே கேட்டால், பருத்தித் துணியா என்று பாருங்கள், பாலியஸ்டர் கலந்தது எளிதில் கூழாகாது. பருத்தியும் முழுத் துணியாக மிக்ஸியில் அரைபடாது, அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். வீட்டில் செய்ய வழி, துணியை ஓர் அங்குலத் துண்டாக வெட்டி உட்கார்ந்து நூல் நூலாகப் பிரித்து, ஊறவைத்து அரைத்த பழைய பேப்பர்க் கூழோடு கலந்து, கொசுவலை அடித்த சட்டத்தில் வார்த்துக் காயவைப்பது. நூல் பிரிக்கிற அந்த வேலைதான் இதில் முக்கியம் என்பது என் எண்ணம்.

முகமூடியும் அப்படித்தான். அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை வளாகத்தில் தலையில் அடிபட்ட வீரர்களை வெறும் முகமூடியில் வண்ணம் தீட்ட வைக்கிறார்கள், வெளியே தெரிகிற முகமும் உள்ளே இருக்கிற முகமும் அதில் வந்துவிடுகிறது. நம் பக்கம் திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மை செய்கிறவர்கள் உண்டு, வெள்ளை முகமூடி செய்து தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் இதற்குப் போகாதீர்கள். முகம் என்பது கனமான விஷயம்.

இனி நான் செய்த தப்பு. ஊர் ஸ்கெட்சை ஆசையாக ஃபிரேம் போட்டு அவரைக் கேட்காமல் ஹாலில் மாட்டினேன். வந்த சொந்தக்காரர் ஒருவர், "என்ன மாமா, சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அப்பா மூன்று மாதம் தாழ்வாரத்துப் பக்கமே வரவில்லை. இன்னொரு தடவை ஒரு சுதந்திர தின நிகழ்ச்சியில் முன்னாள் படைவீரர்களை உட்காரவைத்து, டாங்கியும் கொடியும் வரையுங்கள் என்று சொல்லி, மைக்கில் வெடிச்சத்தத்தோடு பாட்டும் போட்டார்கள், அவர் பாதியில் எழுந்து வெயிலில் வீடு வரைக்கும் நடந்தே வந்தார். படம் அவருடையது. மாட்டுவதா, பெட்டியில் வைப்பதா, கிழிப்பதா என்பது அவர் இஷ்டம். கிழித்தாலும் நாம் ஒட்டவைக்கக் கூடாது.

நடுவில் கை அப்படியே நின்று, கண் ஓரிடத்தில் குத்தி, வியர்த்து, மூச்சு வேகமானால் அவர் மனது இங்கே இல்லை என்று அர்த்தம். தொடாதீர்கள். எதிரே வந்து, பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட்டு, "இது நம்ம வீடு, கடலூர், மணி ஆறு" என்று மெதுவாகச் சொல்லுங்கள். இரண்டு கையையும் தண்ணீர்ப் பேசினில் வைக்கச் சொல்லுங்கள், பாதம் தரையில் அழுந்தட்டும். அன்றைக்கு அத்தோடு போதும். இது ஒவ்வொரு தடவையும் நடந்தாலோ, குடி கூடினாலோ, மெடலையும் சாமானையும் எடுத்து யாருக்காவது கொடுக்க ஆரம்பித்தாலோ, "நான் இல்லாட்டி நீங்க நிம்மதியா இருப்பீங்க" என்கிற மாதிரி பேச்சு வந்தாலோ மண்ணை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் அட்டை இருந்தால் அதன் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்கு எழுதி வாங்கலாம், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி நேரமானால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 2023 டிசம்பரில் படையினர் குடும்பங்களுக்கென்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் அதற்குத் தனிப் பிரிவும் தொடங்கினார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் மண்ணைத் தொட்டதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

கொஞ்சம் தெளிந்த பிறகு கூட ஒருவரைச் சேர்த்துப் பாருங்கள், மிலிட்டரி கேன்டீன் வரிசையில் பழக்கமான ஆளாக இருந்தால் நல்லது. அப்பாவோடு புதுச்சேரியிலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைச் சொல்தா என்பார்கள், இவர் அல்ஜீரியா போய் வந்த சொல்தா. கடற்கரைச் சாலையில் 1938-இல் திறந்த பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு வருடா வருடம் போகிறவர். வேறு வேறு கொடி, வேறு வேறு போர், இருவரும் ஒரு மணி நேரம் பேசாமல் மண் பிசைந்தார்கள், போகும்போது கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும், ஆவணி புரட்டாசியில் வண்டிப்பாளையம் போகாதீர்கள், பிள்ளையாரும் கொலுவுமாக அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் செய்தது எதுவும் காயாது. தை பிறந்ததும் போனால் நல்ல மண் கிடைக்கும், செய்ததை அவர்கள் சூளையிலேயே வைத்துச் சுட்டும் தருவார்கள். அப்பாவின் அகலை அப்படித்தான் சுட்டு வாங்கி வந்தோம், அதில் இப்போது பேனா முள்ளும் மாத்திரையும் போட்டு வைத்திருக்கிறார்.